நாலு விரல் உயரம்

சீட் பெல்ட் போட்டு உட்கார வைத்த ஒரு திராட்சைப் பெட்டியை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் காரின் முன்னிருக்கையில், நான் உட்கார வேண்டிய இடத்தில், பன்னீர் திராட்சை நிறைந்த பெட்டி ஒன்று பெல்ட்டுக்குள் அடக்கமாக இருந்தது. பக்கத்தில் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு என் கொழுந்தனார். வாசலில் சக்கர நாற்காலியில் நான். "மதினி, இன்னைக்கு உங்களுக்குப் பதிலா இது பள்ளிக்கூடம் போயிட்டு வரட்டும்" என்று சொல்லிவிட்டுக் கம்பம் சாலைப் பக்கம் வண்டியைத் திருப்பினார். தெருவில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெட்டி எப்படித் திரும்பி வருகிறது என்பதில்தான் என் வேலை நிலைப்பதே அடங்கியிருந்தது.

இரண்டாயிரத்தைத் தாண்டிச் சில வருடங்கள் ஆகியிருந்த சமயம் அது. எங்கள் வீடு காமயகவுண்டன்பட்டியில். நான் கம்பத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். மொட்டைமாடியில் மல்லி காயப்போட்டிருந்தேன். தூறல் விழுந்ததும் அள்ளிவிடலாம் என்று ஓடியவள், இறங்கும்போது நனைந்த படியில் வழுக்கி விழுந்தேன். முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்வு திரும்பவே இல்லை. வேலூரில் மாதக்கணக்கில் தங்கி வைத்தியம் பார்த்தோம். கால்கள் வராது என்று தெரிந்ததும், அங்கே இருந்தவர்கள் கைகளைக்கொண்டு வாழக் கற்றுக்கொடுத்தார்கள். கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவே வழவழப்பான பலகை ஒன்றைப் பாலம்போலப் போட்டு, கைகளை ஊன்றிப் பிட்டத்தை நகர்த்தி நகர்த்திப் போக வேண்டும். முதல் வாரம் அழுதேன். அப்புறம் அது வசப்பட்டது. யாரையும் கூப்பிடாமல் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு வந்த அன்று, பத்தாம் வகுப்பில் முதல் மார்க் வாங்கியபோதுகூட இல்லாத பெருமை எனக்கு.

ஊருக்கு வந்ததும் என் கணவர் பழைய கார் ஒன்று வாங்கினார். சின்ன வண்டிதான், ஆனால் கூரை உயரம். நான் ஏறி இறங்கத் தலை இடிக்காமல் வசதியாக இருக்கும் என்று நினைத்து வாங்கியது. வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் தெரிந்தது, அதன் இருக்கையும் உயரம். என் சக்கர நாற்காலியைவிட நாலு விரல் மேலே இருந்தது. நாலு விரல் என்பது நடக்கிறவர்களுக்கு ஒன்றுமே இல்லை. பலகையில் நகர்கிறவளுக்கு அது மலை. மட்டத்தில் நகரலாம், ஏற்றத்தில் முடியாது, இறக்கத்தில் பிடி இல்லாமல் சறுக்கி விழுந்துவிடுவேன். அதனால் என் கணவர் என்னைத் தூக்கி வைத்தார். காலையில் வீட்டு வாசலில் தூக்கி ஏற்றுவார், பள்ளியில் தூக்கி இறக்குவார், அப்புறம் கம்பத்தில் இருந்த தன் உரக்கடைக்குப் போவார். சாயங்காலம் மறுபடி அதே. முகம் சுளித்ததே இல்லை. ஆனால் சில மாதத்தில் அவருக்கும் முதுகு பிடித்துக்கொண்டது. எனக்குத் தெரியாமல் தைலம் தேய்த்துக்கொள்வார். வாசனை காட்டிக்கொடுத்துவிடும்.

ஒருநாள் காலையில் என்னைக் காரில் ஏற்றிவிட்டு அவர் சரக்கு எடுக்க மதுரைக்குப் போய்விட்டார். தெருக்காரர் ஒருவர் காரை ஓட்டிவந்து என்னைப் பள்ளியில் விட்டார். இறக்க ஆள் வேண்டுமே. வாட்ச்மேனும் டிரில் மாஸ்டரும் ஓடிவந்தார்கள். இருவரும் தங்கமான மனிதர்கள். பக்கத்துக்கு ஒருவராகப் பிடித்துத் தூக்கியபோது என் சேலை முழங்கால்வரை ஏறிவிட்டது. எனக்குத் தெரியவில்லை, அங்கேதான் உணர்வில்லையே. பிரேயருக்கு வரிசையில் நின்ற பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். யாராவது சிரித்திருந்தால்கூட அதட்டியிருப்பேன். அந்தப் பிள்ளைகள் என்மேல் வைத்த மரியாதையால் திரும்பிக்கொண்டார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அன்று ராத்திரி கணவர் மதுரையிலிருந்து திரும்பி, எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது, வேலையை விட்டுவிடப் போகிறேன் என்று சொன்னேன். கணவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமியார், "ஒடம்ப விடவா வேலை பெருசு, விட்டுரு ஆத்தா" என்றார். கொழுந்தனார் கையைக் கழுவிவிட்டுக் கார் நின்ற பக்கம் போனார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் கணவரைவிட ரொம்ப இளையவர். திராட்சை வியாபாரம். எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் பழம் எடுத்துக் குமுளி வழியாக மலையாளத்துக்கு அனுப்புவார். கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது, ஒரே ஒரு கிறுக்குதான். வண்டி தரையோடு தரையாகப் பதிந்து ஓட வேண்டும். தன்னுடைய முதல் காரில் சக்கரத்துக்கு மேலே இருக்கும் ஸ்பிரிங்கை ஒரு சுற்று அறுத்து எறிந்துவிட்டு, அது தாழ்ந்து நிற்கும் அழகை எதிர்த்த டீக்கடையிலிருந்து ரசித்துக்கொண்டிருப்பாராம். அந்தக் கார் குண்டு குழியில் தவளைபோலக் குதிக்கும். வேகத்தடை வந்தால் உடன் வருபவர்களை இறக்கி நடக்கவிட்டுத் தாண்டுவார். "நிமுந்து நின்ன வண்டிய மண்டி போட வச்சுட்டான்" என்பார் என் மாமியார். அந்தக் கார் போய் வேறு கார் வந்த பிறகும் கிறுக்கு போகவில்லை. வீட்டில் யாரும் அதை ஒரு விஷயமாக மதித்ததில்லை. நானும்தான்.

மறுநாள் காலையில் என் நாற்காலிக்கு முன்னால் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "மதினி, வேலூர்ல பலகை போட்டு நகரச் சொல்லிக் குடுத்தாகள்ல. அத நம்ம கார்ல ஏன் செய்யக்கூடாது?"

"அது மேடு தம்பி. மட்டமா இருந்தா நானே போயிருவேன்."

"அம்புட்டுத்தானா?" என்றார். "அப்ப வண்டிய எறக்கிருவம்."

என் கணவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏலே, ஒன் வெளையாட்டுக்கு இவ முதுகுதான் கெடச்சுச்சா?"

"வெளையாட்டுக்குச் செஞ்சது வேறண்ணே. மதினிகிட்டக் கேளுங்க. அவுக வேணாம்னா விட்டுர்றேன்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். விழுந்த நாளிலிருந்து, என்னை என்ன செய்யலாம் என்று என் தலைக்கு மேலேதான் எல்லோரும் பேசிக்கொள்வார்கள். அன்றுதான் முடிவு என்னிடம் வந்தது. செய்து பார்க்கலாம் என்றேன்.

காசு செலவில்லாத வழி ஸ்பிரிங்கை அறுப்பது. அது அவருக்குத் தெரியாததா? ஆனால் அதைத் தொடவே மாட்டேன் என்றார். "அறுத்தா எறங்கும் மதினி, ஆனா ஒவ்வொரு குழிக்கும் ஒங்க முதுகுல வந்து இடிக்கும். டாக்டரு என்ன சொல்லிவிட்டாக? அதிரக்கூடாதுன்னுதான?" ஸ்பிரிங்குக்கு நடுவே அதன் துள்ளலை அடக்குகிற எண்ணெய்க் குழாய் ஒன்று நிற்கும், ஸ்ட்ரட் என்பார்கள். ஸ்பிரிங்கை மட்டும் குட்டையாக்கி அதை நெட்டையாகவே விட்டால் சீக்கிரம் அடிவாங்கிப் போய்விடும், இரண்டும் ஜோடி பொருந்த வேண்டும் என்று எனக்கு விளக்கினார். கோயம்புத்தூரில் ரேஸ் ஓட்டும் பையன்கள் சிலர் அவருக்குப் பழக்கம். உயரத்தை வேண்டியபடி ஏற்றி இறக்கிக்கொள்ளும் வெளிநாட்டு ஜோடி ஒன்று உண்டாம். அதன் விலைக்கு இன்னொரு பழைய காரே வாங்கிவிடலாம். அதனால் எங்கள் வண்டியைப் போன்ற ஒன்றிலிருந்து கழற்றிய ரேஸ் ஜோடியைப் பேசி வாங்கிவந்து தேனியில் மாட்டினார். கார் நாலு விரலும் இறங்கிவிட்டது. நான் பலகையைப் போட்டேன், நகர்ந்தேன், இருக்கையில் இருந்தேன். மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆனால் கொழுந்தனார் என்னை வைத்து ஓட்டச் சம்மதிக்கவில்லை. பன்னீர் திராட்சையின் தோல் மெல்லியது, கொஞ்சம் அதிர்ந்தாலும் உடைந்து சாறு விட்டுவிடும். அதைக் கெடாமல் மலை தாண்டிக் கொண்டுபோவதுதானே அவர் பிழைப்பு. அதனால் முதலில் அதுதான் போக வேண்டும் என்றார். அப்படித்தான் அந்தப் பெட்டி பெல்ட் போட்டுக்கொண்டு என் பள்ளிக்கூடம்வரை போனது. திரும்பி வந்தபோது பெட்டியின் அடியிலிருந்து சாறு சொட்டி, இருக்கை உறை ஊதாவாகியிருந்தது. போதாததற்கு, வழியிலிருந்த பெரிய வேகத்தடையில் வண்டியின் வயிறு வேறு உரசியிருந்தது. ரேஸுக்குச் செய்த ஸ்பிரிங், கல்லு மாதிரி இருக்கிறது என்றார். முகம் செத்துப்போயிருந்தது. அவர் அண்ணன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்திருக்கும் அவருக்கு.

சில நாள் நானும் வெறுத்துப்போய்க் கிடந்தேன். பள்ளிக்கு மருத்துவ விடுப்பு சொல்லியிருந்தேன். சும்மா கிடந்த மண்டைக்குள் அந்த நாலு விரல் ஓடிக்கொண்டே இருந்தது. கணக்கு டீச்சர் புத்தி. இரண்டு பக்கமும் சமமாக வேண்டும் என்றால் ஒரு பக்கத்தை மட்டும்தான் மாற்ற வேண்டும் என்று யார் சொன்னது? கொழுந்தனார் வீட்டுக்கு வந்ததும் கூப்பிட்டேன்.

"தம்பி, நாலு விரலையும் காரே ஏன் எறங்கணும்? ரெண்டு விரல் நீங்க எறக்குங்க. ரெண்டு விரல் நான் ஏறிக்கிறேன்."

அவருக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. நாற்காலியில் போட்டிருந்த மெத்தையைத் தட்டிக் காட்டினேன். இதைவிடத் தடித்த மெத்தை போட்டால் நான் உயர்ந்துவிடுவேன். அவர் மெத்தையை அமுக்கிப் பார்த்தார். "இங்கன வீட்டுக்குள்ளயே ஆள வச்சுக்கிட்டு நான் கோயம்புத்தூருக்கு அலைஞ்சிருக்கேன்" என்றார்.

இரண்டு விரல் என்றதும் எல்லாம் எளிதாகிவிட்டது. ரேஸ் சாமானைத் திருப்பிக் கொடுத்தார். அளவாகத் தாழ்த்தும், கல்லுபோல் இல்லாத ஸ்பிரிங்கும் அதற்கு ஏற்ற குட்டை ஸ்ட்ரட்டும் நம் ஊரிலேயே செய்ததாகக் கிடைத்தன. புதிதாகவே வாங்கிவந்தார், காசு எவ்வளவு என்று மட்டும் சொல்லவில்லை. மாட்டிவிட்டுச் சக்கரங்களை நேர்பார்த்து, மறுபடி ஒரு பெட்டித் திராட்சையை ஏற்றிக்கொண்டு போனார். திரும்பி வந்ததும் என் மாமியார்தான் பெட்டிக்குள் கையைவிட்டு அடியிலிருந்து ஒரு கொத்தை எடுத்தார். ஒரு பழம் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, "ஒடையல" என்றார். கொழுந்தனார் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அந்த வாரத்தில் அவருடைய சொந்தக் காரைக் கவனித்தேன். பளபளவென்று வைத்திருந்த அலாய் சக்கரங்களைக் காணோம், சாதாரண இரும்புச் சக்கரங்கள் இருந்தன. கேட்டதற்கு, "அலாய் ரொம்ப வெயிட்டு மதினி, மைலேஜ் குடுக்க மாட்டேங்குது" என்றார். நானும் நம்பினேன். அலாய்தான் இரும்பைவிட எடை குறைவு என்று ரொம்ப வருடம் கழித்து என் மகன் சொல்லித்தான் தெரியும். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவரிடம் நான் கேட்கவில்லை. கேட்டால் இன்னொரு பொய் சொல்லுவார்.

மீண்டும் பள்ளிக்குப் போன அன்று என் கணவர் காரைக் கேட்டுக்குள் நிறுத்திவிட்டு, நாற்காலியை இறக்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு, நான் சொன்னபடி தள்ளிப் போய் நின்றுகொண்டார். வாட்ச்மேன் பழக்கத்தில் ஓடிவந்தார். கையைக் காட்டி நிறுத்தினேன். பலகையைப் போட்டேன், நகர்ந்தேன், நாற்காலியில் உட்கார்ந்து சேலையைச் சரிசெய்துகொண்டேன். நிமிர்ந்து பார்த்தால், பிள்ளைகள் யாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டும் நிற்கவில்லை. அவரவர் ஏதோ பேசிக்கொண்டு, பரீட்சைக்குப் படித்துக்கொண்டு நின்றார்கள். டீச்சர் வந்து இறங்குகிறார், அதில் பார்க்க என்ன இருக்கிறது? நான் ஆசைப்பட்டது அதைத்தான்.

அதன்பின் ஓய்வு பெறும்வரை அதே பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். அந்தக் கார் இப்போது இல்லை. அடுத்து வந்தவற்றை வாங்கும் முன்பே இருக்கை உயரத்தைப் பார்த்து வாங்கினோம். கொழுந்தனார் வியாபாரத்தோடு எர்ணாகுளம் பக்கம் குடிபோய்விட்டார். தலை நரைத்துவிட்டது. மூட்டுவலிக்காரர், உயரமான பெரிய வண்டி வைத்திருக்கிறார், முனகிக்கொண்டே ஏறுகிறார். பழைய கதையை எடுத்தால், "அதெல்லாம் என்ன மதினி" என்று பேச்சை மாற்றி, அங்கே மழை பெய்கிறதா, பழம் என்ன விலை என்று கேட்பார். நன்றி சொல்ல இடமே கொடுக்காத மனிதர். அதனால் இங்கே எழுதுகிறேன்.

பள்ளிக்குத் திரும்பிய அந்த வருடம் சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்குக் கிளம்பினோம். விழுந்ததற்குப் பிறகு நான் போகாத கோயில். மாமியார் பூவைத் தேடிக்கொண்டிருந்தார், மகன் சட்டையை மாற்றிக்கொண்டிருந்தான், கணவர் கடைச் சாவியை எங்கோ வைத்துவிட்டார், கொழுந்தனார் இன்னும் குளித்துக்கொண்டிருந்தார். நான் பலகையைப் போட்டுக் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன். தெருவில் வேப்பங்காற்று. வீட்டுக்குள் ஒரே கூச்சல். அதுவரை எங்கே போவதானாலும் மற்றவர்கள் தயாராகி எனக்காக நின்றுகொண்டிருப்பார்கள். அன்று நான் அவர்களுக்காகக் காத்திருந்தேன். வெகுநேரம் ஆனது. ஆகட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.