வால்நறுக்கி

அக்காவுக்கு எழுதிய கடிதத்தைத் தையல்காரி கைதவறி இருநூறு பேர் இருக்கும் மின்னஞ்சல் குழுவுக்கே அனுப்பிவிட்டாள். முழுக்க வீட்டுக்காரரின் குறட்டைப் புராணம். ஆண்டவன் புண்ணியத்தில், குழுவுக்கு வரும் எதுவும் தையல் மெஷின் மெக்கானிக்கின் கண்ணைத் தாண்டித்தான் போக வேண்டும். அவர் யாரிடமும் மூச்சு விடாமல் அதை அவளுக்கே திருப்பினார். கூடவே ஒரு வரி: "தங்கச்சி, இது உங்க அக்காவுக்கு. முதல் வரியோட நிறுத்திட்டேன்." அவளும் நம்பியிருப்பாள். ஆனால் ஏழாம் வரியில் அவள் எழுதியிருந்த 'குரட்டை', 'குறட்டை' ஆகியிருந்தது.

தையல்காரர்களும் மெஷின் பழுது பார்ப்பவர்களும் சந்தேகம் கேட்கும் குழு அது. காலையில் கடை திறந்ததும், ஸ்க்ரூடிரைவரை வாயில் கவ்விக்கொண்டு மெக்கானிக் கடிதங்களை நறுக்க உட்காருவார். 'ஆமாம்' என்று ஒரு சொல் எழுதி, அதன் கீழே நாலு பக்கப் பழைய கடிதத்தை இழுத்துவருகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. "எலி மாதிரி ஒரு பதிலு. அதுக்கு அனுமார் வாலா?" கேள்விக்கு மேலே பதிலை வைத்தால், "தலைகீழாத் தொங்கிப் படிக்க நான் என்ன வவ்வாலா?" வேண்டிய வரியை மட்டும் வை, அதற்குக் கீழே பதிலை எழுது. அவ்வளவுதான் சட்டம். வால்நறுக்கி என்று பெயர் வந்ததில் அவருக்கு உள்ளூரப் பெருமைதான்.

பேச்சிலும் கத்தரி உண்டு. தையல்காரியின் கடைக்கு மெஷின் பார்க்க வந்தால், கிளம்பும்போது "போறேன்" என்பார். அவளுக்குத் திக்கென்று இருக்கும்.

"நல்ல வாக்கா சொல்லுங்கண்ணே. போயிட்டு வரேன்னு சொல்லுங்க."

"போறது இப்ப. வர்றது வர்றப்ப. அது எதுக்கு வாலு?"

வினை வாலில்தான் வந்தது. ஓய்வுபெற்ற ஃபோர்மேன் ஒருவர் எழுதியிருந்தார்: 'மெஷின் பெல்ட் வழுக்கினால் எண்ணெய் விடலாம் என்பார்கள், நம்பாதீர்கள்.' மெக்கானிக் வழக்கம்போல நறுக்கினார். 'மெஷின் பெல்ட் வழுக்கினால் எண்ணெய் விடலாம்' என்பது மட்டும் மிஞ்சியது. அதற்குக் கீழே, 'சரியாகச் சொன்னார்' என்று தன் பதிலையும் போட்டார்.

அண்ணன் சொன்னால் வேதம் என்று தையல்காரி, லேசாக வழுக்கிக்கொண்டிருந்த தன் மெஷின் பெல்ட்டுக்கு எண்ணெய் விட்டாள். சக்கரம் சுற்றியது, பெல்ட் வழுக்கியது, ஊசி அசையவில்லை. மறுநாள் காலை இருபத்திரண்டு பள்ளிச் சீருடை கொடுத்தாக வேண்டும். குழுவுக்கு அழாத குறையாக எழுதினாள். ஃபோர்மேன் குதித்தார்: "என் வாயில எண்ணெய ஊத்திட்டாரே இந்த மனுஷன்!" வால் அறுபட்டவர்களுக்கெல்லாம் அன்று விருந்து.

மத்தியானமே மெக்கானிக் புது பெல்ட்டோடு அவள் கடையில் நின்றார். சக்கரத்தின் எண்ணெயைத் துணியால் ஒற்றி, பெல்ட்டை மாட்டி, ஒரு சீருடைக் கையைத் தானே தைத்துப் பார்த்தார். பிறகு அவள் கணினியிலேயே உட்கார்ந்து ஃபோர்மேனின் கடிதத்தைக் கையெழுத்து, விலாசம் உட்பட ஒரு எழுத்து குறையாமல் குழுவுக்குப் போட்டார். கீழே, 'அவர் சொன்னது இது. வெட்டினவன் நான்.'

"விடுங்கண்ணே, மெஷின்தான் ஓடுதே."

"தேளுக்கும் நம்ம பேச்சுக்கும் விஷயம் வால்லதான் இருக்கு, தங்கச்சி. இத்தன வருஷமா எத்தன பேர கவுத்தேனோ!"

பையைத் தோளில் மாட்டினார். ஸ்க்ரூடிரைவரைக் கவ்வியபடியே "போறேன்" என்று இறங்கினார். தெருவில் நாலடி போனவர் நின்று, திரும்பி, மறுபடி இரண்டு படியும் ஏறி வந்தார். ஸ்க்ரூடிரைவரை வாயிலிருந்து எடுத்தார்.

"போயிட்டு வரேம்மா."