காலி இடத்துக்காக ரீபா போட்ட சண்டை

ரீபாவுக்குச் சொந்த ஊர் புன்னைக்காயல். பாளையங்கோட்டையில் நடராஜ் நடத்தும் சிறிய மென்பொருள் அலுவலகத்தில் வேலை. நான் எத்தனையோ ஊர் சுற்றித் திரும்பியவள். இப்படியொரு பிடிவாதக்காரியை எங்கும் கண்டதில்லை.

கடல் எச்சரிக்கையை மீன்பிடி வள்ளக்காரர்களின் கைபேசிக்கு அனுப்பும் நிரல் அவள் எழுதியது. சென்ற ஐப்பசியில் பதினொரு வள்ளங்களுக்கு மட்டும் செய்தி போகவில்லை. தப்பிக் கரையேறிய ரெக்சன் மாமா ஈரச் சட்டையோடு அவள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"ஏட்டி, ஒன் கம்ப்யூட்டருக்கு எங்க மேல என்ன கோவம்?"

காரணத்தை அன்றே கண்டுபிடித்தாள். பட்டியலில் ஒவ்வொரு வரியும் பெயர், வயர்லெஸ் எண், கைபேசி எண் என்று காற்புள்ளி போட்டு இருக்கும். வயர்லெஸ் வாங்காதவர்கள் அந்த இடத்தைக் காலியாக விட்டிருந்தார்கள். வள்ளத்துக்கு எதிரே 'இல்லை' என்று எழுதுவது அபசகுனம், வள்ளம் விளங்காது என்பது அவர்கள் எண்ணம். வரியைக் காற்புள்ளியில் வெட்டும்போது, தனியாகச் சொல்லாவிட்டால், அவள் நிரல் எழுதிய கணினி மொழி காலித் துண்டை எறிந்துவிடும். கைபேசி எண் வயர்லெஸ் இடத்துக்கு நகர்ந்து, செய்தி அனுப்ப எண் இல்லாமல் போயிருந்தது.

"ஒரு வார்த்தை சேத்தா எறியாதுல்லா? சேத்துட்டு அடுத்த வேலயப் பாரும்மா" என்றார் நடராஜ்.

"சேத்துட்டேன் அண்ணாச்சி. அந்த வார்த்தை தெரியாதவன் என்ன செய்வான்? கேக்காமலே எறியுததுக்கு அதுக்கு யாரு அதிகாரம் கொடுத்தா?"

அந்த மொழியை வளர்ப்பவர்கள் தன்னார்வலர்கள். காலித் துண்டை வைத்துக்கொள்வதே இயல்பாக இருக்க வேண்டும் என்று அவர்களுடைய மன்றத்தில் முன்மொழிந்தாள். மூன்று வாரம் வாக்குவாதம். பழைய நிரல்கள் உடையும் என்றார்கள். காலி என்றால் குப்பைதானே என்றார் ஒருவர். மீனவர்களை 'இல்லை' என்று எழுதச் சொல்லுங்கள் என்றார் இன்னொருவர்.

"எழுதமாட்டார்கள். காலியாக விட்டதும் பதில்தான்" என்று ரீபா எழுதினாள்.

வாக்கெடுப்பு நாளில், காணொளிக் கூட்டத்தில், தலைவர் ஒரு சமரசம் சொன்னார். முன்மொழிவை அவளே திரும்பப் பெற்றால், மாற்றங்களைச் சரிபார்க்கும் குழுவில் இடம். இரண்டு வருடமாக அவள் கேட்டு அலைந்த இடம் அது.

"வாங்கிக்கோ. உள்ள போயிட்டுப் பைய மாத்திக்கலாம்" என்று நடராஜ் கிசுகிசுத்தார்.

"உள்ள போனவுக எல்லாரும் அதத்தான் சொல்லுதாவ."

வாக்கெடுக்கச் சொன்னாள். நான்குக்கு ஒன்பது என்று தோற்றாள். குழுவில் இடமும் போயிற்று.

"இப்பம் திருப்தியா?" என்றார் நடராஜ்.

"நாலு பேரு நம்ம பக்கம்லா அண்ணாச்சி. அடுத்த பதிப்புக்கு மறுபடி போடலாம்னு விதி இருக்கு."

எதிர்த்து வாக்களித்தவர்களில் முதல் ஆளுக்கு அப்போதே கடிதம் தொடங்கினாள்: 'உங்கள் நிரல்களில் எத்தனை உடையும்? எண்ணிக் காட்டுங்கள்.'