பெரிய போர் கேட்டவன்

மணலில் ஓட்ட வண்டி தேடுகிறவனுக்கு ஊரே புத்தி சொல்லும். மணலில் சைக்கிள்கூட உருட்டாதவன்தான் அதிகம் சொல்வான். அந்த வருடம் எனக்கு வந்த யோசனைகளை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கிறேன். அத்தனை யோசனைகளையும் தாண்டி வந்துதான் ஒரு சொல்லில் மாட்டினேன்.

எட்டாவதோடு என் படிப்பு முடிந்தது. அதன் பிறகு செங்கல்பட்டில் தண்ணீர் லாரி, கல்பாக்கம் பக்கம் சவுக்குக் கட்டை ஏற்றுவது, கோவளத்தில் மீன் வண்டிகளுக்கு ஐஸ் தூக்குவது, நெல்லூர் லாரியில் கிளீனர் என்று சோறு கிடைத்த இடத்தில் இருந்தேன். படுக்கை பெரும்பாலும் லாரியின் மேல்தான். மழை பெய்தால் லாரிக்கு அடியில். இதில் சொல்ல ஒன்றும் இல்லை, என்னோடு இருந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் இருந்தார்கள். எனக்கென்று இருந்தது ஒன்றுதான். இரண்டு சக்கரம் இருக்கிற எதையும் ஓட்டுவேன், சாலை இல்லாத இடத்தில் இன்னும் நன்றாக ஓட்டுவேன். கோவளத்திலிருந்து பாலாற்று முகத்துவாரம் வரை எந்தத் தோப்புக்குள் நுழைந்தால் எந்த உப்பங்கழியின் ஓரத்தில் வெளியே வரலாம், எங்கே மணல் இறுகிக் கிடக்கும், எங்கே சக்கரத்தை விழுங்கும் என்பது எனக்குத் தெரியும்.

கடற்கரைச் சாலையை அகலமாக்கி முடித்திருந்த சமயம் அது. மகாபலிபுரத்துக்கு வடக்கே ஒருவர் ஒரு சவுக்குத் தோப்பைக் குத்தகைக்கு எடுத்தார். நாவலூர் கம்பெனிகளில் வேலை செய்யும் பிள்ளைகளை ஞாயிற்றுக்கிழமை அழைத்து வந்து மணலில் பைக் ஓட்ட விடுவது அவர் தொழில். வாடகைக்கு ஏழெட்டுப் பழைய வண்டிகள் வைத்திருந்தார். எல்லோரும் அவரை முதலாளி என்றார்கள், நானும் அப்படியே சொன்னேன். கூட்டத்துக்கு முன்னால் வழிகாட்டிப் போக ஓர் ஆள் தேவைப்பட்டது.

"என் வண்டிங்கள்லாம் அவங்களுக்கே பத்தாது. முன்னாடி போறவன் சொந்த வண்டில வரணும். அது மணல்ல மாட்டக் கூடாது. அப்டி ஒண்ணு எடுத்துகினு வா, வேலை உன்னுது" என்றார்.

அதுவரை வேலைகள் என்னைப் பிடித்திருந்தன. நானாக ஆசைப்பட்ட முதல் வேலை இதுதான்.

மகாபலிபுரத்தில் வெள்ளைக்காரர்கள் விட்டுப்போகும் பழைய புத்தகங்களை விற்கும் கடைகள் உண்டு. அவற்றில் மோட்டார் சைக்கிள் பத்திரிகைகள் கிடைக்கும். எனக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டித்தான் வரும். படத்தைப் பார்த்து, கீழே இருப்பதைக் கூட்டிக் கூட்டிப் படித்து, 'பிக் போர்' என்ற சொல்லைக் கற்றிருந்தேன். ஒரே சிலிண்டர், அதுவும் பெரிய வாய் வைத்த சிலிண்டர், நானூறு ஐநூறு சிசி, பெட்ரோலோடு ஆயில் கலந்து குடிக்கும் டூ ஸ்ட்ரோக் இன்ஜின். மணலில் இந்த மாதிரி இன்ஜின்தான் மூச்சு வாங்காமல் இழுக்கும். அதை என் வாய்க்கு வசதியாகப் பெரிய போர் ஆக்கிக்கொண்டேன்.

வண்டி தேடித் தந்தது ஒரு புரோக்கர். நான் தண்ணீர் லாரியில் இருந்த காலத்திலிருந்து பழக்கம், என்னைவிடப் பெரியவர், பொத்தேரி கல்லூரி வாசலில் மாணவர்களுக்குப் பழைய வண்டி வாங்கி விற்றுக்கொண்டிருந்தார். முதலில் செங்கல்பட்டில் ஒரு இருநூற்றைம்பது சிசி காட்டினார். இந்த நாட்டில் செய்தது, இரண்டு சைலன்சர். எந்தத் தெருவில் நின்றாலும் அதற்கு சாமான் கிடைக்கும். நல்ல வண்டிதான். ஆனால் கனம் எல்லாம் கீழே, தரைக்கும் இன்ஜினுக்கும் இடையில் ஒரு செருப்பு நுழையாது. மணலில் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடும்.

இரண்டாவது வண்டி மகாபலிபுரத்தில் ரூம் வாடகைக்கு விடும் ஓர் அக்காவின் வீட்டுப் பின்பக்கம், கிழிந்த கொசுவலைகளுக்கு அடியில் இருந்தது. ஒரு வெள்ளைக்காரன் ஓட்டி வந்து விட்டுப்போனது. நானூறு சிசி, ஒற்றை சிலிண்டர், டூ ஸ்ட்ரோக். எழுபதுகளில் செய்தது என்று வண்டியின் இரும்புச் சட்டத்தைப் பார்த்தாலே தெரிந்தது. முன்சக்கரம் பெரிதாக, மட்கார்டு டயரை விட்டு ஒரு முழம் மேலே, சைலன்சர் வயிறு உப்பி இன்ஜினைச் சுற்றி மேலேறிப் போகும்.

"திரும்பி வர்றேன்னுதான் போனான்" என்றார் அக்கா. "அப்ப எம் பொண்ணு ஒண்ணாவது படிச்சிகினு இருந்தா. இப்ப அவளுக்கே கொழந்தை கீது. இன்னும் வந்துகினே கீறான். தூக்கிகினு போப்பா, எடம் அடைச்சிகினு நிக்குது."

புரோக்கர் முகத்தைச் சுளித்தார். "இன்னா மச்சான், இதுவா? இதுக்கு ஒரு வாஷர் வாங்கணும்னா கப்பல் ஏறணும்."

நான் பிளக்கைக் கழற்றினேன். ஓட்டையைக் கட்டைவிரலால் அடைத்துக் கிக்கரைக் கையால் அழுத்தியதும் உள்ளிருந்த காற்று விரலைத் தூக்கி எறிந்தது. மேக்னட் சக்கரத்தைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தேன், பிஸ்டனைத் தள்ளும் கனெக்டிங் ராடில் ஆட்டமே இல்லை. சைலன்சரைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்தேன். பிஸ்டனில் ஒரு கீறல்கூட இல்லை. சிலிண்டர் சுவரில் கம்பெனியில் போட்ட குறுக்குக் கோடுகள் தேயாமல் அப்படியே இருந்தன. இத்தனை வருடம் கழித்து அந்தக் கோடுகளைப் பார்ப்பது எவ்வளவு அபூர்வம் என்பது பழைய இன்ஜின் பிரித்தவர்களுக்குத் தெரியும்.

"அந்த ரெண்டு சைலன்சர் வண்டிக்கு இன்னா கொறச்சல்?" என்று புரோக்கர் விடவில்லை. "பால்காரன் நாலு கேன் கட்டிகினு ஏரிக்கரை மேல ஏறுறான்."

"பாலுக்கு அது போதும் அண்ணாத்த. மணல்மேடு ஏறணும்னா பெரிய போரு வேணும்."

"எவ்ளோ பெருசு?"

"எவ்ளோ பெருசா இருக்கோ அவ்ளோ நல்லது."

அவர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நான் கவனித்திருக்க வேண்டும் என்று பிறகு பலர் சொன்னார்கள். ஒருவர் தலையாட்டினால் புரிந்துகொண்டார் என்றுதானே எவனும் நினைப்பான்?

வண்டியை வாங்கி அவரிடம் விட்டேன். டேங்கில் துரு, கார்ப்பரேட்டரில் பச்சை பிடித்திருந்தது. இரண்டையும் சுத்தம் செய்து வையுங்கள், வேறு எதிலும் கை வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு நெல்லூர் லாரியில் ஏறிப்போனேன்.

முதலாளி என்னை வண்டியோடு வரச் சொன்ன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள்தான் திரும்ப முடிந்தது. மறுநாள் காலையில் புரோக்கர் வண்டியை ஒரு மினி லாரியில் ஏற்றித் தோப்புக்கே கொண்டு வந்துவிட்டார். பொட்டு வைத்து, ஹேண்டில்பாரில் சாமந்தி மாலை. சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம்கூட வைத்தார். சிரித்துக்கொண்டே இருந்தார்.

இடது கால் கிக்கர். மூன்றாவது உதையில் எடுத்தது. சத்தம் தோப்பையே அதிர வைத்தது, கம்பெனிப் பிள்ளைகள் கைதட்டினார்கள். ஆனால் ஹேண்டில்பார் கையில் நிற்காமல் துடித்தது. கண் முன்னால் இருந்த சவுக்கு மரங்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தன.

"இன்னா இது, இப்டி ஒதறுது?" என்று கேட்டேன்.

"ஓட்டு மச்சான், ஓட்டு. வித்தியாசம் உனுக்கே தெரியும்."

முதலாளி கையசைத்தார். புறப்பட்டேன். தோப்புக்குள் நன்றாக இழுத்தது, பொய் சொல்லக் கூடாது. தோப்பைத் தாண்டி முதல் மணல்மேட்டில் பாதி ஏறியபோது உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம். பிறகு டின்னுக்குள் கூழாங்கல் போட்டுக் குலுக்குகிற சத்தம். அத்தோடு நின்றுவிட்டது. கிக்கரை மிதித்தால் எதிர்ப்பே இல்லாமல் கீழே போனது. பின்னால் வந்த ஏழு வண்டிகளும் மேட்டின் அடியில் நின்று என்னைப் பார்த்தன.

புரோக்கர் மணலில் ஓடி வந்தார். முகத்தில் இன்னும் சிரிப்பு முழுதாகப் போகவில்லை.

"யோவ், இன்னாய்யா பண்ண இந்த வண்டிய?" என்றேன்.

"சஸ்பென்ஸா வச்சிருந்தேன் மச்சான். போரு பண்ணிட்டேன்! நல்லா பெருசா. கார் பிஸ்டனு! லேத்துக்காரன் இவ்ளோ கடைய முடியாதுன்னான், நான்தான் வுடல. எல்லாம் என் டப்பு, உன்கிட்ட ஒரு பைசா கேக்கல."

"யாருய்யா போர் பண்ணச் சொன்னது?"

"நீதான? எவ்ளோ பெருசா இருக்கோ அவ்ளோ நல்லதுன்னு சொன்னியா இல்லியா? உன் வாயால சொன்னியா இல்லியா?"

எங்கள் பக்கத்தில் போர் என்றால் இரண்டுதான். ஒன்று தண்ணீருக்குப் பூமியில் போடுவது. இன்னொன்று தேய்ந்த சிலிண்டரை லேத்தில் கடைந்து அகலமாக்கி, கொஞ்சம் பெரிய பிஸ்டன் போடுவது. பழைய வண்டி விற்கிறவன் வாயைத் திறந்ததும் "புது போர்" என்பான், வாங்குகிறவனும் அதைக் கேட்டு மகிழ்வான். பிறக்கும்போதே பெரிய வாயோடு ஒரு சிலிண்டர் இருக்கும் என்பதும் அதை ஒருவன் போர் என்று சொல்வான் என்பதும் எங்கள் ஊர் புரோக்கருக்கு எப்படித் தெரியும்? கீறலே இல்லாத அந்தச் சுவரை, கம்பெனிக் கோடுகளோடு சேர்த்து, எனக்குப் பரிசாகக் கடைந்து குப்பையில் கொட்டியிருந்தார்.

டூ ஸ்ட்ரோக் சிலிண்டரின் சுவரில் ஜன்னல் மாதிரி ஓட்டைகள் உண்டு. கடைந்த பிறகு அந்த ஜன்னல் ஓரங்களை அரத்தால் ராவி மழுக்க வேண்டும். மழுக்காவிட்டால் பிஸ்டனின் ரிங் ஓரத்தில் மாட்டி உடையும். பம்ப்செட் இன்ஜினே கடைந்து பழகிய லேத்துக்காரன் ஓரங்களைக் கத்தி மாதிரி விட்டிருந்தான். உடைந்த ரிங் சுவரை உழுதுவிட்டது. ஹேண்டில்பாரை உதற வைத்தது அந்தக் கார் பிஸ்டனின் கனம். இன்னொரு முறை கடைய அந்தச் சுவரில் இரும்பும் மிச்சம் இல்லை.

நான் அவரைத் திட்டினேன். எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் சொல்லித் திட்டினேன். தோப்பில் கிடந்த நாய்கள்கூட ஓடிப்போயின. அவர் அழுவது போல நின்று, "உன் நல்லதுக்குத்தான் செஞ்சேன் மச்சான்" என்றார். அதுதான் என்னை அதிகம் எரித்தது. ஏமாற்றியிருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன். நல்லதுக்குச் செய்தவனின் சட்டையை எங்கே பிடிப்பது? அன்றிலிருந்து கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை எனக்குத் தெரிந்த அத்தனை பேரும் எனக்கு எதிராக அந்த ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். "பாவம், நல்லதுக்குத்தான செஞ்சான்." என் பக்கம் பேச ஓர் ஆள் இல்லை.

முதலாளி மேட்டின் மேல் ஏறி வந்தார். செத்த வண்டியை ஒரு முறை பார்த்தார்.

"வழி தெரியும் இல்ல உனுக்கு?"

"தெரியும்."

"அப்ப முதல் வண்டில பின்னாடி உக்காரு. கை காட்டு, போதும். வண்டியோட வந்தா தர்றேன்னு சொன்ன சம்பளம் வராது. சாப்பாடு உண்டு."

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லிவிட்டுத் திரும்பவும் ஐஸ் தூக்கப் போயிருக்கலாம். புரோக்கரைப் பார்த்தேன், அவர் மாலையை எடுத்து மணலில் வைத்துக்கொண்டிருந்தார். வண்டியை அவரே தள்ளிக்கொண்டு போகட்டும் என்று விட்டுவிட்டு இறங்கி வந்து பின்சீட்டில் உட்கார்ந்தேன்.

மணலில் பின்னால் உட்கார்ந்து போவதைவிடக் கேவலம் ஒன்றும் இல்லை. கையில் ஆக்ஸிலேட்டர் இல்லை, பிரேக் இல்லை. முன்னால் இருக்கிறவன் பயந்து வேகத்தைக் குறைப்பான், குறைத்தால் விழுவோம் என்று எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. இடது என்று அவன் தோளைத் தட்டுவேன், அவன் திரும்பி என்னைப் பார்ப்பான். அந்த சீசன் முழுவதும் அப்படித்தான் சம்பாதித்தேன்.

முதல் நாளே கழியின் ஓரத்தில் நாங்கள் விழுந்தோம். வண்டியை ஓட்டிய ஹெல்மெட் பையன் மடமடவென்று எழுந்து, சட்டைக்குள் போன மணலைத் தட்டிக்கொண்டே சிரித்தான். நாவலூரில் கம்ப்யூட்டர் வேலை, பேச்சில் மரியாதை.

"அண்ணா, நீங்க அனுபவசாலின்னு சொன்னாங்க. இந்த மாதிரி மணலுக்கு எந்த வண்டி வாங்கலாம்?"

என் கால் இன்னும் வண்டிக்கு அடியில் இருந்தது.

"மொதல்ல இதத் தூக்கு" என்றேன்.