ஒற்றைத் தும்மல்

யுத்த காலத்தில் மயிலாப்பூரில், ஆதரவற்ற முதியவர்கள் விடுதி ஒன்றில் நான் நர்ஸ். ஒரு மார்கழியில் சளிக்காய்ச்சல் வந்து கூடம் முழுக்கப் படுத்துவிட்டது. யாராவது தும்மினால் மற்றவர்கள் "நூறு!" என்று ஆயுசு வாழ்த்துவார்கள், அடுத்த தும்மலுக்கு "இருநூறு!" அந்த வாரம் சேர்ந்த ஆயுசை ஊருக்கே பங்கு போட்டிருக்கலாம். எனக்குச் சிரிப்புத் தாங்காது.

ஆனால் சளி பரவியது மூக்குப்பொடி மட்டையால்தான். ஒரே மட்டை, அத்தனை மூக்கும்! பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன். ராட்சசி என்று பட்டம் கிடைத்தது.

மட்டைக்குச் சொந்தக்காரரான தாத்தாவுக்குச் சளி நெஞ்சில் இறங்கிவிட்டது. நிமோனியா, உடனே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாவிட்டால் பிழைக்க மாட்டார் என்றார் டாக்டர். ஜட்கா வந்தது. தாத்தாவைப் போர்த்தி வாசல்வரை தூக்கி வந்துவிட்டோம்.

"ஹச்!" மூலைக் கட்டில் மாமி. ஒரே ஒரு தும்மல்.

"ஒத்தைத் தும்மல்! இப்போ கிளம்பப்படாது!" கூடமே எழுந்து உட்கார்ந்தது. "இன்னொண்ணு தும்முங்கோ மாமி, ரெட்டையாயிட்டா தோஷமில்லை!"

மாமி மூக்கைக் கசக்கினாள், கசக்கினாள். வரவில்லை. வாரம் முழுக்க என் உயிரை வாங்கிய தும்மல், அன்றைக்கு ஒரு மூக்கிலும் இல்லை! தாத்தாவே வாசற்காலைப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்கிறார். உதடு நீலம் பாரிக்கிறது.

"இன்னாம்மா, சவாரி கீதா இல்லியா?" என்றார் ஜட்காக்காரர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மட்டையை உருவி ஒரு சிட்டிகைப் பொடியை என் மூக்கிலேயே ஏற்றினேன்.

"ஹச்!"

"ரெட்டை! நூறு!" கூடம் கூத்தாடியது. நான் நிறுத்தினால்தானே! "இருநூறு! முந்நூறு! போறும்டி, மறுபடி ஒத்தையாயிடப் போறது!" கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்ட நானும் சிரிக்கிறேன். தாத்தா வாசற்காலை விட்டார்.

அவரை வண்டியில் கிடத்தும்போது இன்னொன்று வந்து தொலைத்தது. நல்லவேளை, கூடத்துக்குக் கேட்கவில்லை. தாத்தாவுக்குக் கேட்டுவிட்டது. உதடு அசைந்தது. காதைக் கிட்டே வைத்தேன். பேச மூச்சில்லாத மனுஷர், இருந்த கொஞ்ச மூச்சையும் செலவழித்து, "நானூறு" என்றார்.

வண்டி தெருமுனை திரும்பும்வரை நின்று அழுதேன்.

தை மாதம் தாத்தா தன் காலாலேயே நடந்து வந்தார். படியேறியதும் கையை நீட்டினார். மட்டையைக் கொடுத்தேன். "உங்களுக்கு மட்டுந்தான் தாத்தா, வேற யாருக்கும் குடுக்கப்படாது" என்றேன்.

அதற்குள் மாமி கையை நீட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.