அப்பா திருத்தாத பிழை

ஆங்கிலத்தில் இல்லாத ஒரு பிரயோகத்தை என் பதினோராவது வயதில் நான் உண்டாக்கினேன். யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்துத் தீவான வேலணையில், சண்டைக் காலத்தில் எங்கள் வீட்டு வளவில் வெட்டியிருந்த பங்கர் குழிக்குள் வைத்து. அதை இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை. இப்போது வயதாகிவிட்டது. இனி மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

அப்பா ஆங்கில வாத்தியார். பிழையான ஆங்கிலத்தை அவரால் பொறுக்க ஏலாது. கலியாண அழைப்புக் காட்டுடன் வீட்டுக்கு வருபவரை இருத்தி வைத்து, அவர் கண் முன்னாலேயே காட்டைச் சிவப்புப் பேனையால் திருத்திக் கையில் கொடுத்தனுப்புவார். அவருக்கு மிகப் பிடித்த வினைச்சொல் ‘கெற்’. கெற் அப் என்றால் எழும்புவது, கெற் டவுன் என்றால் இறங்குவது, கெற் வெற் என்றால் நனைவது. இந்த ஒரு சொல்லை முழுக்கப் படித்தவன் லண்டனில் பட்டினி கிடக்கமாட்டான் என்பார்.

அதனால் எங்கள் வீட்டில் வேலைகூடக் ‘கெற்’ சொல்லித்தான் பிரிபடும். கிணற்றில் தண்ணீர் அள்ளுவதா, ஆட்டுக்குக் குழை ஒடிப்பதா, நானும் அக்காவும் மாறி மாறி ஒவ்வொரு பிரயோகமாகச் சொல்லவேண்டும். சொல்ல வராமல் நிற்பவருக்கு வேலை. ஒருவர் சொன்னதில் மற்றவருக்குச் சந்தேகம் வந்தால் ‘பிழை’ என்று கத்தலாம். அகராதியைப் பார்த்து அப்பா தீர்ப்புச் சொல்வார்.

அன்றைக்கு அப்பா யாழ்ப்பாணம் போயிருந்தார். காலையிலேயே ஹெலிகொப்டர் வந்து சுடத் தொடங்கிவிட்டது. அம்மா எங்கள் கடைசித் தம்பி சின்னவனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். நாங்கள் நாலு பேரும் பனங்குற்றி அடுக்கிய அந்தக் குழிக்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்தோம். புழுதியும் புழுக்கமும் சின்னவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அவனுக்குப் பிறந்ததிலிருந்தே இழுப்பு. சிறிது நேரத்தில் நெஞ்சு விசிலடிக்கத் தொடங்கியது. மருந்துப் போத்தல் வீட்டுக்குள், அலுமாரியில் இருந்தது.

அம்மா எழும்பினாள். அவள் விலகியதும் சின்னவன் வீரிட்டான், மூச்சு இன்னும் அடைத்தது. திரும்ப இருந்துவிட்டாள்.

“சத்தம் கொஞ்சம் அடங்கட்டும். ஒருதரும் வெளியாலை போகவேண்டாம்.”

சத்தம் அடங்கவில்லை. தூரப் போவதும் வருவதுமாக இருந்தது. சின்னவனின் உதடு நீலம் பாரித்தது. அக்கா என்னைப் பார்த்தாள்.

“எங்கள் ரெண்டு பேரிலை ஒருதர் போகத்தான் வேணும்.”

அவளுக்குப் பதினாறு வயது. நானே போகிறேன் என்று அவள் சொல்லிவிடுவாள் என எதிர்பார்த்தேன். அவளும் பயந்திருந்தாள். அப்போது நான்தான் சொன்னேன், “கெற் சொல்லிப் பாப்பம்.”

“உனக்கென்ன விசரே?”

“ஏன், தோத்துப்போவன் எண்டு பயமோ?”

அவள் சின்னவனின் நெஞ்சைப் பார்த்தாள். பிறகு, “கெற் வெல். சுகமாகிறது,” என்றாள். நான் “கெற் சிக்” என்றேன். அவள் “கெற் மரீட்”. நான் “கெற் எ லெற்றர்”. ஹெலி வீட்டுக்கு மேலாக ஒருமுறை போனது, மண் உதிர்ந்தது. அவள் “கெற் அவே” என்றாள், தப்பி ஓடுவது. அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. நாங்கள் தேவாரம்போல ஏதோ சொல்கிறோம் என்று நினைத்தாளோ என்னவோ, தடுக்கவில்லை.

எனக்கு முடிந்துவிட்டது. தலைக்குள் ஒன்றும் இல்லை. அக்கா என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னவனின் விலா உள்ளே போய் வந்தது.

“கெற் த சீ,” என்றேன்.

“அப்பிடியெண்டால்?”

“கடலைக் கடக்கிறது. ஹீ கொற் த சீ. அவர் கடலைக் கடந்தார். போன கிழமை அப்பா சொன்னவர்.”

அவள் ‘பிழை’ என்று கத்தியிருக்கலாம். அகராதி வீட்டுக்குள் இருந்தது. அதை எடுக்கப் போகிறவர் மருந்தையே எடுத்து வந்துவிடலாம். அவள் கத்தவில்லை. என் முகத்தையே சற்று நேரம் பார்த்தாள்.

“சரி. எனக்கு முடிஞ்சுது,” என்றாள். என்னைத் துலைஞ்சுபோ என்று ஏச அவள் நாளுக்குப் பத்துத் தரம் சொல்லும் ‘கெற் லொஸ்ற்’கூட இன்னும் சொல்லப்படாமல் மிச்சமிருந்தது. அது அப்போது என் புத்தியில் படவில்லை.

பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறிப் போனாள். குசினிக் கதவு திறந்த சத்தம் கேட்டது. அதன் பிறகு ஹெலியின் சத்தம் மட்டும்தான். அது திரும்பி, தணிந்து, எங்கள் வளவுக்கு மேலேயே நின்றதுபோல இருந்தது. ஓடு உடைந்து கொட்டியது. அம்மா ஒரு கையால் சின்னவனையும் மறு கையால் என் தலைமயிரையும் பிடித்துக்கொண்டு அக்காவின் பெயரைச் சொல்லிக் கத்தினாள். நானும் வெளியே ஓடிவிடுவேன் என்று பயந்திருக்கிறாள். நான் ஓடுவதாக இருக்கவில்லை.

அக்கா தவழ்ந்து வந்தாள். முதலில் போத்தல்தான் உள்ளே வந்தது. அது உடையவில்லை. அவளுடைய இடது குதிக்காலுக்கு மேலே சதை பிளந்து தொங்கியது. அம்மா முதலில் சின்னவனுக்கு மருந்தைத்தான் வார்த்தாள். அதற்குப் பிறகே அக்காவைப் பார்த்து அழுதாள்.

பொழுதுபட அப்பா ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார். பஸ் ஓடாததால் யாரிடமோ சைக்கிள் இரவல் வாங்கி வந்திருந்தார். நரம்பு அறுந்துவிட்டது, இனி அந்தக் காலை முன்போல ஊன்ற ஏலாது என்று டொக்டர் அவரிடம் சொல்லியிருந்தார். அப்பா அக்காவின் கட்டிலடியில் நின்று கேட்டார்.

“ஏன் பிள்ளை, நீ ஏன் போனனி?”

“கெற்றிலை தோத்துப்போனன் அப்பா,” என்றாள் அக்கா. “தம்பி கெற் த சீ எண்டு ஒண்டு சொன்னவன். அதுக்குப் பிறகு எனக்கு ஒண்டும் வரேல்லை.”

அதை அப்பா சொல்லித் தந்ததாக நான் சொன்னதை அவள் சொல்லவில்லை. அப்பா என்னைப் பார்த்தார். அடி விழும் என்று கண்ணை மூடினேன். விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அவர் அக்காவின் கட்டுப்போட்ட காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஓம்,” என்றார். “அப்பிடியும் ஒரு பிரயோகம் இருக்கு.”

சொல்லிவிட்டு வெளியே போய் விறாந்தைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு மூச்சு வந்தது. மூச்சு வந்ததும் பெருமையும் வந்தது. என்னை அறியாமலே சரியான ஆங்கிலத்தைச் சொல்லிவிட்டேன் என்று நம்பினேன்.

சில மாதங்கள் கழித்துப் பள்ளிக்கூடத்தில் நயினாதீவுப் பயணம் பற்றி ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள். குறிகட்டுவானில் வள்ளம் ஏறியதை எழுதி, ‘வீ கொற் த சீ’ என்று முடித்தேன். ரீச்சர் அதைச் சிவப்பால் வெட்டிவிட்டார். நான் எழும்பி நின்று, இது சரி, எங்கள் அப்பாவே சொன்னவர் என்றேன். ரீச்சர் அப்பாவிடம் படித்தவர். உம்முடைய அப்பா அப்படிச் சொல்லியிருக்கமாட்டார், போய்க் கேட்டுக்கொண்டு வாரும் என்றார்.

அப்பா வீட்டில் இல்லை. அக்கா கதிரையில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தாள். கொப்பியை அவளிடம் நீட்டினேன். வாங்கி, வெட்டிய இடத்தை நெடுநேரம் பார்த்தாள்.

“ரீச்சருக்கு இது தெரியாதாக்கும்,” என்றாள்.

மறுநாள் ரீச்சரிடம் போய் அதை அப்படியே சொன்னேன், வகுப்பு முழுக்கக் கேட்கும்படி.