முன்வரிசைத் தோள்

நான் என்ன தொழில் செய்தேன் என்பது கடலோரத்து எங்கள் ஊரான கீரியில் இன்றுவரை யாருக்கும் சரியாக விளங்கியதில்லை. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுகிற விளையாட்டு, அதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள், அதற்காக நாடு நாடாகப் போகிறான். அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். உண்மையில் நான் பந்தோடு ஓடியது குறைவு. றக்பியில் நான் முன்வரிசை ஆள். ஆட்டம் நின்று மறுபடி தொடங்கும்போது இரண்டு பக்கமும் எட்டெட்டுப் பேர் தோள்களைக் கோத்துக் குனிந்து, எதிராளியோடு முட்டித் தள்ளுவோம். பின்னால் நிற்பவர்களின் பாரமெல்லாம் முன்வரிசைக்காரனின் கழுத்தில் வந்து இறங்கும்.

சண்டைக் காலத்தில், பிள்ளை உயிரோடு இருந்தால் போதும் என்று அம்மா என்னைக் கண்டியில் ஒரு விடுதிப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். எனக்குச் சிங்களம் தெரியாது. மைதானத்தில் அது தேவைப்படவில்லை. அகன்ற தோள் போதுமாக இருந்தது. அங்கிருந்து கொழும்பில் ஒரு கழகம், பிறகு மலேசியா, பிறகு அவுஸ்திரேலியாவில் கோதுமை வயல்களுக்கு நடுவே ஒரு சிறு நகரம், கடைசியில் ருமேனியா. எங்கே போனாலும் நான் முதலில் படித்த சொல் ‘தள்ளு’தான்.

அப்பா இறந்த செய்தி அவுஸ்திரேலியாவில் இருக்கும்போது வந்தது. அடக்கத்துக்கு வந்து சேர வழியில்லை. அன்று பின்னேரம் ஆட்டம் இருந்தது. விளையாடினேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

ருமேனியாவில் குளிர்காலம். நிலம் சீமெந்து போல இறுகிக் கிடந்தது. எதிர்ப்பக்கத்தில் ஒருவன் சறுக்க, எல்லோரும் ஒன்றாகக் கவிழ்ந்தோம். முதலில் வலிக்கவில்லை. எழும்புவதற்கு வலது கையை ஊன்றப் பார்த்தேன். அது யாரோ ஒருவருடைய கை போலப் புல்லில் கிடந்தது. ஆஸ்பத்திரியில் டொக்டர் நிறையப் பேசினார். கூட வந்த அணிக்காரன் அதைச் சுருக்கிச் சொன்னான்: “நடக்கிறாயே, அதுவே பெரிய விஷயமாம். இனி விளையாட முடியாதாம்.”

நான் அறையைக் காலி செய்யும் முன்னரே, எனக்குப் பதிலாக எடுத்த ஆள் பைகளோடு வாசலில் நின்றான். நல்ல பெடியன். போகும்போது என் வலது தோளில் தட்டினான். தட்டியதைக் கண்டேனே தவிர, எனக்கு அது உறைக்கவில்லை.

ஊருக்கு வந்தபோது உடம்பு பார்வைக்குப் பழையபடிதான் இருந்தது. அதுதான் கரைச்சல். அண்ணன் மீனவர், கடற்கரையில் நின்று கரைவலை இழுக்கிறவர். கை ஏலாது என்று அவரிடம் சொன்னேன். “எண்ணெய் பூசி உருவினால் சரியாகும்” என்றார். அந்த வருடம் கோயில் திருநாளில் புனிதரின் சொரூபம் வைத்த கூட்டை ஊர்வலத்தில் தோளில் தூக்க என் பெயரையும் கொடுத்துவிட்டார்.

“அண்ணை, எனக்கு ஏலாது.”

“இடது தோளிலை தாங்கு. அப்பா கூடு பிடிச்ச இடம். நீ சும்மா நிண்டாலே காணும்.”

அப்பாவின் இடம் என்றதும் எனக்கு மறுக்க மனம் வரவில்லை. வெண்புடவை கட்டிய பெண்கள் செபமாலை சொல்லிக்கொண்டு முன்னே போனார்கள். கடற்கரை வீதியில் திரும்பும்போது கழுத்திலிருந்து விரல் நுனிவரை நெருப்பு இறங்கியது. முழங்கால் மடிந்தது. பின்னால் நின்ற அண்ணன் பாய்ந்து வந்து என் பக்கத்தைத் தாங்கிக்கொண்டார். சொரூபம் விழவில்லை. நான் மணலில் இருந்தேன். ஊர்வலம் என்னைச் சுற்றிக்கொண்டு போயிற்று.

“வெளிநாட்டு இறைச்சி திண்ட உடம்பு. உள்ளுக்கை ஒண்டுமில்லை” என்று யாரோ சொல்ல, சிலர் சிரித்தார்கள்.

அடுத்த நாள் கடற்கரைக் குடிலான வாடியில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த அண்ணன் நிமிராமலே சொன்னார்: “நீ சொல்லேக்கை நான் நம்பேல்லையடா.”

“இப்ப நம்புறியளோ?”

“ஓம்.” ஊசியை வலையில் குத்தி வைத்தார். “கை இனிச் சரிவராதோ?”

“வராது.”

அதற்குப் பிறகு அவர் என்னை எதற்கும் கூப்பிடவில்லை. கூப்பிடாதது அன்பினால்தான். ஆனால், கூப்பிடப்படாத ஒரு மனிதன் காலையில் எதற்கு எழும்ப வேண்டும் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

போன மாதம் நானாட்டான் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் றக்பி பழக்க வரச் சொன்னார்கள். போனேன். மாணவர்கள் வரிசையாக நின்றார்கள். குனிந்து தோள் கொடுங்கள் என்று சொன்னேன். குனிந்தார்கள். வெயிலில் அத்தனை மெல்லிய கழுத்துகள். அடுத்த சொல் ‘தள்ளு’. அது என் வாயில் வரவில்லை. அதிபரிடம், “மன்னிச்சுக்கொள்ளுங்கோ சேர், எனக்கு ஏலாது” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

வீட்டில் அம்மா என்னைக் கதிரையில் இருத்தி, காலையில் தான் பூட்டிவிட்ட சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார்.