லிஃப்ட்காரர் துடுப்பு வாங்குகிறார்

பின்பக்கமாகப் படியிறங்கி வந்துகொண்டிருக்கிறார் லிஃப்ட்காரர். ஒரு கை கைப்பிடிக் கம்பியில், இன்னொரு கையில் டீ டம்ளர். காலில், நீந்துகிறவர்கள் செருப்பு மாதிரி மாட்டிக்கொள்ளும் கறுப்புத் துடுப்புகள், ஆள் இடுப்புயரத்துக்கு நீண்டவை. ஒவ்வொரு படியிலும் அவை ‘சப்’பென்று அறைகின்றன. அந்தத் துடுப்பைப் போட்டுக்கொண்டு முன்பக்கமாக நடந்தால் நாமே நம்மை மிதித்துக்கொண்டு விழுவோம் என்பதால் இந்த ஏற்பாடு.

“வழி விடுங்க சார். பின்னாடி கண்ணு இல்ல.”

வழி விட்டேன். எங்கள் குடியிருப்பில் எல்லோரும் விடுவார்கள். “கடையில போட்டுப் பாத்தா எந்தச் செருப்பும் கடிக்காது சார். வீட்டுக்கு வந்தப்புறந்தான் வேலையைக் காட்டும்” என்பது அவர் கட்சி. அதனால் நீச்சல் சாமான் கடைக்காரரைக் கெஞ்சி இரவல் வாங்கிவரும் ஒவ்வொரு ஜோடியையும் மாட்டிக்கொண்டு காலையில் மூன்று மாடி இறங்கி ஏறுகிறார். தொழில் என்னவோ லிஃப்ட் மெக்கானிக். லிஃப்டில் ஏன் வருவதில்லை என்று கேட்டேன். “அதுல வந்தா கால்ல எங்க கடிக்குதுன்னு தெரியாதே” என்றார்.

ஒல்லியான உடம்பு, அதற்குப் பொருந்தாத அகன்ற மார்பு. சிலிண்டர், குழாய் எதுவும் இல்லாமல் மூச்சை அடக்கிக் கடலுக்குள் இறங்கி, ஈட்டித் துப்பாக்கியால் மீன் பிடிப்பது இவருடைய ஞாயிற்றுக்கிழமை வேலை. மற்ற நாட்களில் கரையிலேயே பயிற்சி நடக்கும். பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு விரலைத் தூக்குவார். மூச்சை அடக்கிவிட்டார் என்று அர்த்தம். அது முடியும்வரை நாம் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ஒருமுறை யாரோ லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு போனில் அலறியபோதும் விரலைத் தூக்கிக்கொண்டு நின்றார். போனில் விரல் தெரியாது என்பது பிறகுதான் அவருக்குத் தோன்றியது.

போன பருவத்தில் பழைய துடுப்பு பாறையில் மோதிப் பிளந்தது. அன்றிலிருந்து கடலுக்குப் போகாமல் புதுசு பார்க்கிறார். பார்க்கிறார், பார்த்துக்கொண்டே இருக்கிறார். வாங்கியபாடில்லை.

சந்தேகம் கேட்டால் மாட்டிக்கொள்வோம். நான் கேட்டேன். “கார்பன் இருக்கே, அது புது மாப்பிள்ளை சார். லேசா ஒதைச்சா போதும், பறக்கும். மூச்சு மிச்சமாகும். ஆனா ஒரு பாறை ஒரு வார்த்தை சொல்லிட்டா மனசு ஒடைஞ்சிரும். பிளாஸ்டிக் எங்க பெரியப்பா மாதிரி. யாரு என்ன அடிச்சாலும் ஒடையாது. நகரவும் நகராது. நம்மதான் தள்ளணும், அதுக்கே பாதி மூச்சு போயிரும். ஃபைபர் கிளாஸ் நடுவுல நிக்கும், நம்ம செக்ரட்டரி மாதிரி.”

“அப்போ அதையே எடுத்துடலாமே?”

“செக்ரட்டரிய நம்பி கடல்ல எறங்குவீங்களா சார்?”

குடியிருப்புச் சங்கத்தின் செக்ரட்டரிக்கும் இவருக்கும் பேச்சுவார்த்தை இல்லாமல் போனதற்கும் துடுப்புதான் காரணம். எந்தப் பொருள் எத்தனை அடி தாங்கும் என்பதை லிஃப்ட் கதவை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும் என்று இவருக்கு ஒரு நம்பிக்கை. ஒரு நாள் காலை, எல்லோரும் அலுவலகத்துக்குக் கிளம்பும் நேரத்தில், தரைத்தளக் கதவின் நடுவே ஒரு பிளாஸ்டிக் துடுப்பைச் செருகிவிட்டு ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். கதவு மூடும், துடுப்பில் இடிக்கும், திறக்கும். மறுபடி மூடும். மாடிகளில் பொத்தானை அழுத்தி அழுத்திச் சலித்தவர்கள் படியிறங்கி வந்து சுற்றி நின்று கத்தினார்கள். இவர் விரலைத் தூக்கினார். கடைசியில் துடுப்புக்கு ஒரு கீறலும் இல்லை, கதவுதான் தண்டவாளத்தை விட்டு இறங்கியது. அதை அன்று முழுக்க உட்கார்ந்து இவரே சரிசெய்தார். “பாத்தீங்களா, எங்க பெரியப்பா” என்று செக்ரட்டரியிடம் துடுப்பைக் காட்டியதைத் தவிர்த்திருக்கலாம்.

நீச்சல்குளத்து விவகாரம் இதைவிட மோசம். இரண்டையும் ஒரே நேரத்தில் ஒப்பிட்டால் வேலை மிச்சம் என்று இடது காலில் கார்பனும் வலது காலில் பிளாஸ்டிக்கும் மாட்டிக்கொண்டு இறங்கினார். நேராகப் போவதாக நினைத்துக்கொண்டு தண்ணீருக்கடியில் அரைவட்டம் அடித்து, ஓரமாக உடற்பயிற்சி செய்துகொண்டிருந்த பெண்கள் கூட்டத்தின் நடுவே முளைத்தார். குளத்துக் காவலர் விசில் ஊதி ஊதித் தொண்டை வறண்டுபோனார். “ஒரு பக்கமா இழுக்குது சார், அப்போ ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு” என்று வெளியே வந்து என்னிடம் சொன்னார். இனி அந்தக் குளத்தின் வாசலை மிதிக்க முடியாது என்பதில் அவருக்கு வருத்தம் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை.

இத்தனையும் வேடிக்கை என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன், ஒரு மாலை அவர் வீட்டில் உட்கார்ந்திருக்கும்வரை. அவர் மனைவி தெருமுனையில் பியூட்டி பார்லர் நடத்துகிறார். கல்லூரி நாட்களில் நீச்சலில் பரிசு வாங்கியவர், ஆனால் கடலில் கால் நனைக்க மாட்டார். உப்புத் தண்ணீர் பட்டால் முடி நாராகிவிடும் என்று வாடிக்கையாளர்களுக்குச் சொல்லிச் சொல்லி அவருக்கே அது வேதமாகிவிட்டது. அன்று கணவர் சோபாவில் கால் நீட்டி ஒரு துடுப்பை வளைத்துக்கொண்டிருக்க, அந்தம்மா என்னைப் பார்த்துப் பேசினார். பேச்சு கணவருக்குத்தான்.

“துடுப்பு ஒடஞ்சதுனாலயா இவரு கடலுக்குப் போகல? என் தம்பி ஊரைவிட்டுப் போனான்ல, அதனாலதான் போகல. அத ஒத்துக்கச் சொல்லுங்க.”

விஷயம் இதுதான். மூச்சடக்கி இறங்குகிறவர்கள் இரண்டு பேராகத்தான் போவார்கள். ஒருவர் கீழே போனால் மற்றவர் மேலே மிதந்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். திரும்பி வருகிற கடைசி நேரத்தில் மயக்கம் வந்துவிட்டால், மேலே இருப்பவர் இழுத்தால்தான் உயிர். இவருக்கு அப்படி மேலே இருந்தவர் மச்சான். மச்சானுக்குக் கடலே இல்லாத ஊரில் வேலை கிடைத்துவிட்டது. என்னைக்கூட ஒருமுறை கேட்டார். எனக்கு நீச்சல் தெரியாது என்றேன். “சும்மா மெதந்தா போதும் சார்.” மிதக்கவும் தெரியாது என்றேன். என் வயிற்றைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, “மெதப்பீங்க” என்றார்.

“நல்ல துடுப்பா இருந்தா மேல ஆளே தேவையில்ல” என்றார் இப்போது, தலை நிமிராமல். “ஒதைக்கிறதுல மூச்சு வீணாகாது. போனமா, வந்தமான்னு இருக்கலாம். இந்த ஞாயித்துக்கிழமை தனியா போறேன்.”

“உங்க லிஃப்ட் குழிக்குள்ள தனியா எறங்குவீங்களா?” என்றார் அந்தம்மா.

“அது எப்படி? மேல மெஷின் ரூம்ல ஆள நிறுத்தாம எவனாவது குழிக்குள்ள எறங்குவானா?”

“அப்போ இது?”

“இது வேற.”

“என்ன வேற?”

விரலைத் தூக்கினார்.

நாங்கள் இரண்டு பேரும் காத்திருந்தோம். அந்தம்மாவின் முகத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். கோபமெல்லாம் இல்லை, அப்பட்டமான பயம். இந்த மனிதரை எனக்குப் பிடிக்கும், அவருடைய ‘சப்’ சத்தம் கேட்காத காலையை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. “போகாதீங்கன்னு சொல்லிடுங்களேன்” என்று கிளம்பும்போது வாசலில் அந்தம்மாவிடம் மெதுவாகச் சொன்னேன். “சொன்னா சொல்லாமப் போவாரு” என்றார்.

சனிக்கிழமை கடைக்குப் போனோம். அந்த நீளத்துக்கு ஆட்டோவில் இடம் போதாது என்பதால் என் கார். இரவல் துடுப்புகள் ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு வர, அந்தம்மாவும் பேசாமல் பின்சீட்டில் ஏறிக்கொண்டார். கடைக்காரர் எங்களைக் கண்டும் நாற்காலியை விட்டு எழவில்லை. எழுந்தால் சாயங்காலம்வரை நிற்க வேண்டும் என்ற அனுபவம்.

லிஃப்ட்காரர் வளைத்தார், முகர்ந்தார், விளிம்பு ரப்பரை நகத்தால் சுரண்டினார். பிறகு, யாரும் எதிர்பாராத நேரத்தில், ஒரு ஃபைபர் கிளாஸ் ஜோடியைத் தூக்கிப் பிடித்து, “இதுதான்” என்றார். “மெத்துன்னு வளையுது, மூச்சத் தின்னாது. ஸ்க்ரூ போட்டிருக்கான் பாருங்க, தகடு போச்சுன்னா தகட்ட மட்டும் மாத்திக்கலாம். இனிமே என்ன வேணும்?”

கடைக்காரர் எழுந்துவிட்டார். மனம் மாறுவதற்குள் பெட்டியில் போட்டு டேப் ஒட்டும் அவசரம் அவருக்கு. நான் அந்தம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். நாளை ஞாயிற்றுக்கிழமை.

அந்தம்மா அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றினார். வெறுங்காலைக் கடைக்காரர் பக்கம் நீட்டினார்.

“எனக்கு ஒரு ஜோடி காட்டுங்க.”

டேப் பாதியில் நின்றது. “நீயா?” என்றார் லிஃப்ட்காரர்.

“வேற யாரு இருக்கா?”

“முடி... உப்பு...”

“தொப்பி போட்டுக்கறேன். நீங்க கீழ மயங்கிக் கெடந்தா வெறுங்காலோட எப்படி வந்து தூக்குறது?” “நான் கடல்ல மெதந்து பழகுறவரைக்கும் நீங்க கரையிலதான் இருக்கணும். சம்மதமா?”

அவர் விரலைத் தூக்கவில்லை. நின்ற இடத்திலேயே பெருமூச்சு பெருமூச்சாக விட்டுக்கொண்டிருந்தார்.

கடைக்காரர் சமயமறிந்தவர். “அண்ணன் எடுத்ததுலயே சின்ன சைஸ் இருக்குக்கா. அண்ணனே பாத்துப் பாத்து எடுத்தது, கண்ண மூடிட்டு வாங்கலாம்” என்று ஒரு ஜோடியை நீட்டினார்.

லிஃப்ட்காரர் அதை வாங்கி ஒருமுறை வளைத்துப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார். பிறகு கடையின் நடுவே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மனைவியின் குதிகாலை உள்ளங்கையில் ஏந்தி, கட்டைவிரலால் பாதத்தின் வளைவை மெல்ல அழுத்திக்கொண்டே, இன்னொரு கையால் சுவரின் உச்சித் தட்டைக் காட்டினார்.

“மொதல்ல இருந்து எடுங்க.”